நிறம் வராத தண்ணீர்

மல்லிகாந்தி சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். மாறவில்லை. இன்னொரு மாத்திரை போட்டாள். அப்போதும் மாறவில்லை.

மொனராகலைப் பக்கத்துச் சிறு நகரத்தின் குடிநீர் நிலையத்தில் பதினேழு வருஷமாக இதுதான் அவள் வேலை. ஆயிரத்து இருநூறு வீடுகளுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போனது. நாட்டில் பெட்ரோல் தீர்ந்து, சமையல் காஸும் தீர்ந்த அந்த வருஷம் நிலையத்தின் எஞ்சினியர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கொழும்பிலிருந்து வரவேண்டிய குளோரின் தூளும் வந்து சேரவில்லை. கடைசி டிரம்மை முந்தாநாள் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

மேற்பார்வையாளர் விஜேகோன் தலையை நிமிர்த்தவில்லை. "பதிவேட்டுல நேத்து எழுதினதையே எழுதுங்க. திங்கக்கிழமை லொறி வருதாம்."

"போன திங்கக்கிழமையும் அதைத்தான் சொன்னாங்க, சார்."

"சனங்களைப் பயப்படுத்தக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு, மிஸ். எனக்குப் பென்ஷனுக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"அப்போ தண்ணிய நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா ஓடைத் தண்ணியக் குடிப்பாங்க. அது இதைவிட மோசம்."

அது உண்மைதான். அவள் பதிவேட்டில் 'குளோரின் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்ததும், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி வீடு வீடாகச் சொல்லிவரக் கணவனின் சைக்கிளை எடுத்தாள்.

"உன் சம்பளத்துல மாசத்துக்கு அரிசிகூட வாங்க முடியல. இதுக்குப் போய் ஏன் உயிரை விடுற?" என்றான் கணவன் அஜந்த. "குவைத்துலேருந்து உன் தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

தன் பிள்ளைக்காக என்று அவளால் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் கிணறு இருந்தது.

சந்தைக்குப் பின்னாலிருந்த வரிசை வீடுகளில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கொதிக்க வைக்கணுமா? காஸ் சிலிண்டரையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே, அக்கா."

"காஸ் இல்லாட்டி உள்ள தெரியுற பிளாஸ்டிக் போத்தல்ல நிரப்பி, காலைலேருந்து சாயந்தரம் வரைக்கும் கூரைமேல வெயில்ல வைங்க, கிருமி செத்துடும். மப்பா இருந்தா ரெண்டு நாள் வைக்கணும்."

"ஒங்களை யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பல."

அந்தப் பெண் கேலியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள்.

ஆறு நாட்கள் அப்படி அலைந்தாள். விகாரைப் பிக்குவும் கரண்ட் இருந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார். அந்தச் சத்தம் எட்டாத மேட்டில் கந்தஹேன என்ற குடியிருப்பு இருந்தது. நாற்பது வீடுகள், செங்குத்தான பாதை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். ஏழாம் நாள் மழை கொட்டியது. கால்களும் வீங்கியிருந்தன. அன்றும் மறுநாளும் போகவில்லை.

ஒன்பதாம் நாள் லொறி வந்தது. அதற்குள் கந்தஹேனவிலிருந்து மூன்று பேரை வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். அங்கே சேலைன் இல்லை. அவர்களில் லீலாரத்ன என்ற வயதான தச்சர் இறந்துபோனார்.

மல்லிகாந்தி சாவு வீட்டுக்குப் போனாள். தச்சரின் மருமகள் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"கீழ் ரோட்டுல வீடு வீடாப் போய்ச் சொன்னீங்களாமே, மிஸ்."

"சொன்னேன்."

"மேல வரல."

"வரல."



அடுத்த வாரம் அனுமதியில்லாமல் பீதியைக் கிளப்பியதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. இரண்டே வரியில் பதில் எழுதினாள். 'பதிவேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன். கந்தஹேனவுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.'

விஜேகோன் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது வரிய அடிச்சிடுங்க. ஒங்க கழுத்துக்கு நீங்களே கயிறு போடுறீங்க."

"அது நடந்ததுதானே, சார்."

அந்த வருஷச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். தங்கை மறுபடியும் கூப்பிட்டாள். மல்லிகாந்தி போகவில்லை. அதன்பிறகு வாரத்தில் ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கந்தஹேனவுக்கு ஏறி, தச்சர் வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் எடுத்துச் சோதித்தாள். அப்படிச் செய்யவேண்டுமென்று எந்த விதியும் இல்லை. மருமகள் வாசல் படலையைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.