அப்பா மடியில் ஒரு சறுக்கு

எங்கள் வீட்டில் சறுக்கு மரத்தில் ஏறக்கூடாது என்ற தடை எனக்கு இல்லை, அப்பாவுக்குத்தான். "புள்ளைய வெளையாட உட்டுட்டு நீங்க பெஞ்சுல உக்காருங்க. சின்னப்பையனாட்ட மேல ஏறாதீங்க" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லித்தான் அம்மா எங்களைப் பூங்காவுக்கு அனுப்புவாள்.

எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த ஞாயிறு உச்சிவரை ஏறிவிட்டுக் கீழே பார்த்தவள், ஓவென்று அழ ஆரம்பித்தேன். பின்னால் ஏணியில் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்தின. அப்பா அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு ஏறிவந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். பத்திரமாக இறக்கத்தான் வந்தார், பாவம். ஆனால் அந்த முகத்தில் இருந்த குஷி, பிள்ளையை இறக்குகிற குஷி மட்டும் இல்லை.

பெரிய உடம்பு. வேகம் பிய்த்துக்கொண்டு போனது. பாதியில் என் ரப்பர் செருப்பு ஓரத் தகரத்தில் மாட்டி நின்றுவிட்டது, நாங்கள் நிற்கவில்லை. கால் முறுக்கிக்கொண்டு மடக்கென்றது. அப்பாவின் புது செல்போன் பையிலிருந்து எகிறி மண்ணில் விழுந்தது. அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார், போனை அப்புறம்தான் தேடினார். அவருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

மாவுக்கட்டுப் போட்டுத் திரும்புகையில் பேக்கரியில் நிறுத்தினார். "அம்முணி, தனியாத்தான் சறுக்குனேன்னு சொல்லு கண்ணு. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ற தோலை உரிச்சுப்போடுவா." தினம் ஒரு தேங்காய் பன் என்று பேச்சு முடிந்தது.

அம்மா நம்பிவிட்டாள். பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கத் துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிற கண். அந்தக் கண்ணையே ஏமாற்றிவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை. அது சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் நீடித்தது.

ஆறு வாரமும் தட்டு வைத்ததும் ஆரம்பித்துவிடுவாள். "சொன்னாக் கேக்கோணும். வயசுக்குத் தகுந்த புத்தி வேண்டாமா? பெஞ்சுல உக்காருன்னா உக்காரோணும்!" ஐந்து வயதுக்கு இதற்குமேல் எவ்வளவு புத்தி வேண்டுமாம்? என்னை எப்போது பெஞ்சில் உட்காரச் சொன்னாள்? அநியாயம்! அப்பா தலை நிமிராமல் சாப்பிடுவார். குழம்பு கேட்கக்கூட வாய் திறக்கமாட்டார். எனக்காகத்தான் இப்படி வருந்துகிறார் என்று நான் உருகிப்போனேன்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார்: "இனிமே மடியில வெச்சுச் சறுக்காதீங்க. பாசத்துலதான் எல்லாரும் பண்றாங்க. கொழந்தை கால் மாட்டுச்சுன்னா உங்க கனமும் சேந்து முறுக்கிடுதுங்க."

அப்பா சுவரில் இருந்த எலும்புப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த அம்மா அசரவே இல்லை.

"தெரியுமுங்க டாக்டர். அன்னைக்கே இவரு பேண்ட்டைத் தொவைச்சேன். பின்னால பூராம் துரு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம் எதுக்கும்மா என்னையத் திட்டுனே?"

மூவரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் கொஞ்சம் தாமதமாக. அந்த ஆறு வாரத்தில் அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பது விளங்க, எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.