அணைந்த திரையில் எழுதிய தேர்வு

தொண்ணூறுகளின் கடைசியில், இணையம் வழியாகக் கணினிப் பாடம் நடத்தும் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். எனக்குக் கண் தெரியாது. அதைச் சொன்னதும் கல்லூரிக்காரர் போனில், "யார் உதவியும் இல்லாம நுழைவுத் தேர்வு எழுதிட்டா இடம் உண்டு. ஆனா முடியுமாம்மா?" என்று இழுத்தார். அந்த இழுப்பு எனக்குச் சுருக்கென்றது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் எங்கள் நிபோங் திபாலில் யாரிடமும் இல்லை. கடல் தாண்டித் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் ஒரு கணினி மையத்தில் இருந்தது, அங்கேதான் பழகியிருந்தேன். இணையத்திலேயே நடந்த தேர்வுக்கும் அங்கேயே கிளம்பினேன், முதல்முறையாகத் தனியாக.

காலை ஏழு மணிக்கு பஸ். பட்டர்வொர்த் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. ஃபெரிக்கு அறுபது காசு. தீவுக்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இலவசம். ஜெட்டியில் டாக்சிக்காரர், "தனியாவா வந்தீங்க?" என்றார்.

"அதான் நீங்க இருக்கீங்களே அண்ணே" என்றேன். சிரித்துவிட்டு ஐந்து வெள்ளிக் கட்டணத்தை நாலாக்கினார்.

மையத்தில் சந்திரன் என்ற புதிய பொறுப்பாளர். என்னைக் கணினி முன் உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் வழக்கம்போலத் திரையை அணைத்தேன். எனக்கு அது எதற்கு, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு மளமளவென்று விடையளித்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது குரல் பட்டென்று நின்றது. டீ குடித்துவிட்டு வந்த சந்திரன் கணினியின் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"தம்பி, என்ன செஞ்சீங்க?"

"ஸ்கிரீன் இருட்டா இருந்துச்சுக்கா. ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போனது தெரியாம பாவம் தட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"இருட்டு உங்களுக்குத்தான் தம்பி. எனக்கு நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு."

ஆத்திரத்தோடு கணினியை மறுபடி போட்டேன். கணினி எழும்பி, மோடம் கீச்சிட்டு, மறுபடி உள்ளே நுழைவதற்குள் நேரம் கரைந்துவிட்டது. நல்லவேளை, அனுப்பிய பக்கங்கள் பத்திரமாக இருந்தன. கடைசிப் பக்கத்துக்கு இருந்தது பத்தே நிமிடம்.

"நான் படிக்கிறேன்க்கா, நீங்க பதில் மட்டும் சொல்லுங்க. சட்டுனு முடிஞ்சிரும்லா" என்றார் சந்திரன். மனசு சபலப்பட்டது, பொய் சொல்லமாட்டேன்.

"நீங்க படிச்சா, பாஸ் ஆகிறது நீங்கதான். தள்ளி உக்காருங்க."

குரலின் வேகத்தை உச்சத்தில் வைத்தேன். அந்த வேகம் மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல், எனக்கு அத்தனையும் சொற்கள். நேரம் முடியுமுன் அனுப்பிவிட்டேன். பிறகு ஹெட்போனைப் பிடுங்கி, குரலை மெதுவாக்கி, முடிவை அறை முழுக்கப் படிக்கவிட்டேன். தேர்ச்சி. இடம் உண்டு. எனக்கு முந்திச் சந்திரன் கைதட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், எழுந்து நின்றே சிரித்தேன்.

இப்படித் தேர்வெழுதப் போகிறவர்களுக்கு: ஹெட்போன் உங்களுடையதாக இருக்கட்டும். திரையை அணைத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படித்துக்காட்ட வருபவரிடம் கோபப்படாமல் மறுத்துவிடுங்கள் (எனக்கு வரவில்லை, நீங்கள் முயலுங்கள்).

ஜெட்டியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பாஸ் ஆயிட்டேன்மா."

அம்மா அழுதார். பிறகு, "யாரு படிச்சுச் சொன்னா?" என்று கேட்டார்.

"நானே படிச்சேன்மா."