இராஜாங்கம் போய்ப் பார்த்த வால்வு

இராஜாங்கத்திடம் யார் சொல்லும் எடுபடாது. ஓர் ஆலை ஓடத் தொடங்குமுன் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பாதுகாப்புக் கருவிகளையும் சேர்த்துச் சோதிப்பது எங்கள் வேலை. நான் கம்ப்யூட்டர் திரைமுன் உட்காருவேன். அவர் வாக்கிடாக்கியோடு வெயிலில் நடப்பார். திரை எதைக் காட்டினாலும், நேரில் பார்த்த பிறகுதான் தாளில் டிக் அடிப்பார்.

காரணம் அவருடைய அப்பா. குடவாசல் பக்கத்தில் பண்ணையாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஊரே கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்திருந்தது. பண்ணையாருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மடையை அடைக்காமல் நாற்றங்காலை மூழ்கடித்தான் என்று அப்பாவைத் தென்னையில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார். "அடச்சிட்டேங்க, போயி பாருங்க" என்று அவர் கதறினார். நாற்பது அடி தள்ளியிருந்த மடைக்கு ஒருவரும் போகவில்லை. ஏழு வயது இராஜாங்கம் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்தார். மடை அடைத்துத்தான் இருந்தது. தண்ணீர் நண்டு வளை வழியாக வந்திருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் அந்தப் பண்ணையார் மகன் சபாபதி நெல் அவிக்கும் நவீன ஆலை கட்டினார். சோதனை எங்களிடம் வந்தது. "மாட்டுனான்" என்றார் இராஜாங்கம். பழிவாங்கத்தான் போனார், மறைக்கவும் இல்லை. எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. மூன்று நாள் குற்றம் தேடியும் ஒன்றும் அகப்படாமல் அவர் முகம் சுண்டிப்போனது.

கடைசிச் சோதனை. அவசரப் பொத்தானை அழுத்தினால், பெண்கள் நெல் அவிக்கும் இடத்துக்குப் போகும் நீராவி வால்வு முழுக்க மூட வேண்டும். அழுத்தினேன். திரையில் 'மூடியது' என்று வந்தது.

"கையெழுத்து போடுங்க சார். நாளைக்குத் தெறப்பு விழா, மந்திரி வர்றார்" என்றார் சபாபதி.

வாக்கிடாக்கியில் இராஜாங்கத்தின் குரல் வந்தது. "பாதி தெறந்து கெடக்கு."

சபாபதி ஆபரேட்டர் தியாகுவின் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார். "என்னடா பண்ணித் தொலச்ச?"

"நான் தொடவே இல்லீங்க. போயி பாருங்க!"

வால்விலிருந்து விரைந்து வந்த இராஜாங்கம் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். ஓங்கிய கையின் மணிக்கட்டைப் பற்றி, விழாப் பந்தல் வழியே, அத்தனை பேரும் பார்க்க, சபாபதியை வால்வு வரை இழுத்துப்போனார். வால்வு மூடியதைத் திரைக்குச் சொல்லும் சுவிட்சை, பாதி மூடியதுமே செய்தி போகும்படி நகர்த்தி முடுக்கியிருந்தார்கள்.

"இது யாரு வேல?"

"வால்வு சிக்கிக்குது. விழா முடிஞ்சு மாத்திக்கலாம்னு நாந்தான் சொன்னேன்" என்றார் சபாபதி, தரையைப் பார்த்து.

இராஜாங்கம் வால்வில், ஓட்டக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார். விழா நின்றது.

"எங்கப்பன் அடச்ச மட நாப்பது அடி தூரத்துலதான் இருந்துச்சு. உங்கப்பா நடக்கல. உங்கள நான் நடக்க வச்சிட்டேன்" என்றார்.