தோழர் வீடு

எழுத்துக்கூட்டித்தான் எனக்கு எழுத வரும். மெதுவாகத்தான் எழுதுவேன்.

திருநாவலூர் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் ‘தோழர் வூடு’ என்றால் எங்கள் வீடுதான். மரியாதைக்கு அப்படிச் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த பிறகு பங்காளிகள் வைத்த கேலிப்பேர் அது. சங்கத்தில் காலனிக்காரர் ஒருவரும் இவரும் ஒருவரையொருவர் தோழர் என்பார்கள். ஒரு பீடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். பங்காளிகளுக்குக் கட்சி உறுத்தவில்லை, அந்தப் பீடிதான் உறுத்தியது. என்னையும் சங்கத்துக்காரர்கள் தோழர் என்றார்கள். நடவு வயலில் அதுவரை எனக்குப் பேர் ‘ஏய்’தான்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். பாடை கட்டிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன் எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, எந்தம்பிய கண்ட ஆளும் தூக்குவானா? காலனி ஆளு தோள் குடுத்தா எங்காளு ஒருத்தன் வரமாட்டான். சொல்லிட்டேன்.”

என் மகன் கள்ளக்குறிச்சியில் கடையில் வேலை பார்க்கிறான். மாமனார் வீட்டுக்குப் பயந்தவன். என் காதருகே குனிந்தான்.

“எம்மா, கொடிய வேணா போத்தட்டும். தூக்கறது நம்மாளுங்க தூக்கட்டும். நாளைக்கு நாந்தான இவங்க மூஞ்சில முழிக்கணும்?”

பீடி பங்குபோட்ட அந்தத் தோழர் இதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க தோழர். ஓரமா வரச்சொன்னாலும் வர்றோம்.”

“அவரு உசுரோட இருக்கசொல்ல தோழர், பொணமானா ஓரமா நில்லுங்கறதா? அப்போ அந்தப் பேச்சுக்கு இன்னா அர்த்தம்? நீங்க தூக்குங்க,” என்றேன் நான்.

அண்ணன் கையிலிருந்த கயிற்றை விசிறி எறிந்தார். “அப்ப கருமாதியையும் தோழருங்களே பண்ணிக்கட்டும்!”

“பிண்டத்து மேல கொடி நட்டுக்குவாங்க, வா பெரிப்பா,” என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பங்காளிகள் மொத்தமும் போய்விட்டார்கள். தோழர்கள்தான் தூக்கினார்கள். மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னே போனான், திரும்பிப் பார்க்கவே இல்லை.

கருமாதி அன்று ஏரிக்கரையில் அவனுக்கு மொட்டை போட்டார்கள். அப்பன் செத்தால் மகனுக்குத் தலைப்பா கட்டுவது மாமனார் வீட்டு முறை. அவர்கள் வரவில்லை. ஈரத் தலையோடு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறிவிட்டது. அந்தத் தோழர் புதுத்துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டு கிட்டே போனார்.

“தம்பி, நான் கட்டிவுடட்டுமா?”

மகன் என்னைப் பார்த்தான். அவனாகக் குனிய வேண்டும் என்று இருந்தேன். துண்டைக் கையில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

தூக்கச் சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த மொட்டைத் தலை வெயிலில் தனியாகப் போனதைப் பார்த்தவள் நான். அவன் இப்போதும் வருகிறான், மாத்திரை வாங்கித் தருகிறான். ஒரு வாய் சோறு தின்னாமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுகிறான்.