சம்படத்தில் வெட்டிய முகவரி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. கடுகு போட்டு வைத்திருக்கிறேன். மூடியில் ஒரு பெண்ணின் பெயரும், அதன் கீழே ஓர் இணையதள முகவரியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் கீறிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். இன்னமும் படிக்க முடிகிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான இடங்களில் எழுதப்பட்டுவிட்டது.

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை டிசைன், கேட்கிறவர்களுக்கு வெப்சைட். கல்யாணமாகாமல் நாற்பத்தாறு வயதுவரை ஒரு கடையைத் தனியாக நடத்துகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான். கடை மாடியில். கீழே பெண்களுக்கான தையல் வகுப்பு. அதை நடத்துகிறவள் என்னைவிட நாலு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். புருஷன் குவைத்தில் இருக்கிறார். ஒரே மகள், இது நடந்தபோது புதுக்கோட்டையில் நர்சிங் இரண்டாம் வருஷம். அந்தப் பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான்தான். இடம் கிடைத்த அன்று மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து என் கையில் ஒரு பெரிய லட்டைத் திணித்தாள்.

எங்கள் பக்கத்தில் கடைக்குப் பிள்ளை பெயரை வைப்பது சாதாரணம். தையல் வகுப்புக்கும் மகள் பெயர்தான். அந்தப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து இணையதள முகவரி வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். ஜாக்கெட் மாடல்கள், எம்பிராய்டரி படங்கள், சேர்க்கை விவரம் எல்லாம் அதில் போட்டேன். இந்த முகவரிகளை யாரும் சொந்தமாக வாங்கிவிட முடியாது. வருஷக் கணக்கில்தான் எடுக்கலாம், கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் என் முகவரிக்குத்தான் வரும்.

வகுப்பு ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆனதும் ஒரு விழா வைத்தாள். இங்கே காதுகுத்தோ வீடு குடிபுகுவதோ எதுவானாலும் வந்தவர்களுக்குப் பாத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். படித்து முடித்துப் போன பெண்கள் எல்லாருக்கும் சம்படம் கொடுப்பதாக முடிவானது. பெயரோடு போன் நம்பரையும் வெட்டலாம் என்றாள். புத்திசாலித்தனம் எனக்குப் பொங்கி வழிந்தது.

"போன் நம்பர் மாறும்டி. வெப்சைட்ட வெட்டச் சொல்லு, அது மாறாது" என்றேன்.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் சிரித்தார். "இத்தனை வருஷமா வெட்டுறேன், டாட் காம் வெட்டுறது இதான் மொதத் தடவைங்க" என்றார். இருநூறுக்கு மேற்பட்ட சம்படங்கள் கோட்டைப்பட்டினம், திருவரங்குளம் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

இரண்டு வருஷம் கழித்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பழைய மாணவி பஸ் ஏறி வந்தாள். கீழே வகுப்புக்குப் போகாமல் நேரே மாடிக்கு வந்தாள். ஒரு ஜாக்கெட் மாடலை நாத்தனாருக்குக் காட்டலாம் என்று சம்பட மூடியைப் பார்த்து முகவரியைப் போனில் அடித்திருக்கிறாள். "நீங்களே பாருங்கக்கா" என்று போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அதைக் கையில் பிடித்துக் காட்டக்கூட அவளுக்குக் கூசியது.

மேலே அந்தப் பிள்ளையின் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. பக்கத்தில், இது விற்பனைக்கு, உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில். கீழே துணி பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த பெண்களின் படங்கள் வரிசையாக ஓடின. அவற்றுக்கும் கீழே, 'அறந்தாங்கியில் பெண்கள், இப்போதே பேசலாம்' என்று ஒரு பொத்தான் மினுக்கியது. என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

புது மெயில் முகவரிக்கு மாறியிருந்தேன். பழையதைத் திறந்தால் கம்பெனிக்காரர்களின் விளம்பரக் குப்பைக்கு நடுவே மூன்று நினைவூட்டல்கள் பிரிக்காமல் கிடந்தன. கெடு முடிந்திருந்தது. முடிந்த பெயர்களைப் பொறுக்கி எடுத்து விற்பதற்கென்றே இணையத்தில் சந்தைகள் இருக்கின்றன. பெயர் விலைபோகும்வரை அந்தப் பக்கத்தைச் சும்மா விடாமல் விளம்பரத்துக்கு விட்டுவிடுவார்கள். எந்த விளம்பரம் என்று எந்த மனிதனும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர் எந்த ஊரிலிருந்து திறக்கிறாரோ அந்த ஊர்ப் பெயரை மெஷினே நிரப்பிக்கொள்ளும்.

சந்தைக்காரர்களுக்குப் புகார் எழுதினேன். புகார் எந்த வகை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. வணிகச் சின்னம், காப்புரிமை, மோசடி என்று நீண்ட பட்டியலில், இது ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர் என்று சொல்வதற்கு வகை இல்லை. நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம், விளம்பரங்களுக்கு வேறு நிறுவனம் பொறுப்பு என்று அடுத்த நொடியே தானியங்கிப் பதில் வந்தது. நானே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை.

அதற்குள் விஷயம் கீழே போய்விட்டது. தையல்காரி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலே ஓடிவந்தாள்.

"என்னக்கா இது? எம்புள்ள பேருல என்னக்கா இது?"

'நான் மறந்துவிட்டேன்' என்று வாய்வரை வந்தது. அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் வேறொன்று முந்திக்கொண்டது. "யாரோ உள்ள பூந்து ஹேக் பண்ணிட்டாங்கடி" என்றேன். அந்த ஒரு பொய்யை நான் எனக்காகத்தான் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகக் கொஞ்ச நாள் நம்பிப் பார்த்தேன், முடியவில்லை.

ஹேக் என்றால் செய்தவன் ஒருவன் வேண்டுமே. ஊரிலிருந்து எவனோ புண்ணியவான் முகவரியைக் குவைத்துக்கு அனுப்பிவைத்தான். மூன்றாம் நாள் அவள் என் கடையில் உட்கார்ந்து புருஷனோடு பேசினாள், போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீங்க வெவரம் தெரிஞ்சவுக, சொல்லுங்க" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "எம்மக பேரப் போட்டு வெலைக்குன்னு எழுதிருக்கான். கீழ நான் இங்கிட்டுத் தங்கிருக்க ஏரியா பேரு வேற. கூட இருக்க பயலுக எல்லாம் பாத்துட்டானுக. நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சு ஒருத்தன் செய்யிறான்னா, அவளோட நல்லாப் பழகுன பயதானேக்கா?"

தம்பி, ஒருத்தனும் செய்யல, நான் மறந்துட்டேன். சொல்ல வேண்டியிருந்தது ஐந்தே சொற்கள். "விசாரிக்கிறேன் தம்பி" என்றேன்.

அன்றைக்கே பிள்ளையின் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் நோட்ஸ் கேட்டிருந்தான். தினமும் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூவும் அனுப்பியிருந்தான். அது போதுமானதாக இருந்தது. கல்லூரிக்குப் போக வேண்டாம் என்று குவைத்திலிருந்து உத்தரவு வந்தது.

மறுவாரம் பிள்ளை தனியாக மாடிக்கு வந்தாள். தாவி ஏறவில்லை. முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"பெரியம்மா, அந்த அட்ரஸ் யாரு பேருல எப்பப் பதிவாச்சுன்னு ஆன்லைன்ல தேடிப் பாத்தேன். ஹேக்கெல்லாம் இல்ல. நாள் முடிஞ்சு போயிருக்கு, வேற ஆளு எடுத்திருக்காக. நீங்க ரினியூ பண்ணல, அதானே?"

தலையாட்டினேன்.

"நான் ஒங்களத் திட்ட வரல பெரியம்மா. அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாக. அடுத்த மாசம் எனக்குப் பரீட்ச."

"சொல்றேன்டா கண்ணு, கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். இது சத்தியம்.

மறுநாள் காலையில் அவள் அம்மா ஒரு கடிதம் டைப் செய்ய வந்தாள். படிப்பை நிறுத்திச் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கும் கடிதம். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மெயில்களைத் திறந்து காட்டினேன். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெயில்களின் தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

"அவுககிட்டச் சொல்லிறாதீங்கக்கா" என்றாள்.

"என்னடி சொல்ற? புள்ள படிப்பு போகுதுடி."

"வெப்சைட்டு வேணும்னு கேட்டது நான். புள்ள பேர வச்சதும் நான். இப்பவாச்சும் எவனோ பண்ணான்னு இருக்காக. நம்ம ரெண்டு பேரும்தான் காரணம்னு தெரிஞ்சா மொதல்ல எங்கிளாஸத்தான் மூடச் சொல்லுவாக. பதினெட்டுப் பொம்பளைக வந்து போற எடங்க்கா. அவளுக்கு எப்படியும் ரெண்டு வருசத்துல கல்யாணம் பண்ணத்தான் போறோம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டைப் பண்ணுங்க."

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. நான் உட்கார்ந்து டைப் செய்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது மகளால் படிப்பைத் தொடர இயலவில்லை.' பிரிண்டர் தாளைத் துப்பும்போது கதவைத் தள்ளிக்கொண்டு பிள்ளை உள்ளே வந்தாள். நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்கத்தான் வந்திருப்பாள். தாளை எடுத்துப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்காமலே படியிறங்கிப் போனாள்.

இரண்டு வருஷமெல்லாம் ஆகவில்லை. தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். சீர்ப் பாத்திரம் எடுக்க என்னையும் வரச் சொன்னார்கள், போனேன். அதே கடை, பெயர் வெட்ட அதே ஆள். குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, சம்படம் எல்லாம் அவர் முன்னால் அடுக்கியிருந்தன.

"பொண்ணு பேரு சொல்லுங்க" என்று மெஷினை எடுத்தார்.

"எதுலயும் வெட்ட வேணாம்ணே" என்றாள் பிள்ளை.

"ஏய், சீரு பாத்திரத்துல பேரு இல்லாம அனுப்புவாகளாடி? போற எடத்துல என்ன நெனப்பாக?" என்றாள் அம்மா.

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். அந்தக் காலை வேளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. எம்பேரு வேணுமா?"

பெயர் வெட்டுகிறவர் மெஷினைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். அவள் அம்மா தரையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை அன்று காலையிலும் நான் திறந்து பார்த்திருந்தேன். பெயர் விலைபோகாமல் அப்படியே இருந்தது, கீழே படங்கள் மட்டும் மாறியிருந்தன.

"வேணாம்" என்றேன்.