அடுப்புக்கு வந்த நெருப்பு

மேளச் சத்தம் கேட்டாலே கல்யாணச் சாப்பாடுன்னு நம்பி ஓடற முட்டாள் நான். மைசூர் ஸ்டேட் எல்லை தாண்டினதுலேர்ந்து நான் ஜோக்கா விட்டுட்டு வந்த பஸ், தேன்கனிக்கோட்டைக்கு முன்னாலேயே டயர் வெடிச்சு நிக்குது. காட்டோரம் இருளர் குடிசைங்க, அங்கேர்ந்து மேளச் சத்தம். உள்ள போய், "பந்தி ஆரம்பிச்சாச்சா?"னு பல்லைக் காட்டறேன்.

மேளம் நின்னு போவுது.

"எம் மகன் தானே உசுர மாய்ச்சுக்கிட்டான் சாமி. மாசம் ஒண்ணாச்சு"ங்கறாங்க மாதிங்கற அம்மா.

அன்னியிலேர்ந்து அவங்க வீட்ல அடுப்பு எரியல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு போட்டிருக்காங்க. இன்னிக்கு வீட்டுக்கு வீடு ஓட்டுத் துண்டுல தணல் கொண்டாந்து, பையன் பேரைச் சொல்லி அந்த அடுப்புல போடறாங்க. ஏன் செத்தான்னு யாரும் கேக்கல.

மன்னிப்புக் கேட்டுட்டு நழுவப் பாக்கறேன். மாதியம்மா ஒரு ஓட்டுத் துண்டை நீட்டறாங்க. "உனக்கும் யாராச்சும் இப்படிப் போயிருந்தா, அந்தப் பேரைச் சொல்லிப் போடு."

என் தம்பி போனதை மூணு வருஷமா மாரடைப்புன்னே ஊருக்குச் சொல்லிட்டிருக்கேன். தணலைப் போட்டு, "சுந்தரம்"ங்கறேன். அவனைப் பாத்தே இருக்காத அத்தனை பேரும் "சுந்தரம்"ங்கறாங்க. தேம்பித் தேம்பி அழறேன்.

அந்த அடுப்புல கிண்டின களியில முதல் உருண்டை மாதியம்மாவுக்கு, ரெண்டாவது எனக்கு. கும்பிடறேன்.

என்னைத் தேடி வந்த கண்டக்டர் எல்லாத்தையும் பாத்துட்டு நிக்கறார். பஸ் ஏறறப்ப சொல்றார்: "எல்லையிலேர்ந்து நீங்க விட்ட ஜோக்குல ஒண்ணுகூடச் சகிக்கல சார். இனிமே அழுதுட்டே வாங்க."