மூக்குக்காரருக்கு ஊற்றிய கிளாஸ்

அந்தச் சின்ன ஜின் மது ஆலையில் மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு அப்படி ஒரு மூக்கு. திமிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

செம்புக் கொதிகலனில் ஸ்பிரிட்டோடு ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து சொட்டும். முதலில் வருவது தலை. நகப்பூச்சு மாதிரி நெடி அடிக்கும், கொட்டிவிட வேண்டும். கடைசியில் வருவது வால், நனைந்த சாக்கு வாடை. நடுவில் வருவதுதான் ஜின். மூக்குக்காரர் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, கண்ணை மூடி முகர்ந்து, "வெட்டு" என்பார். உடனே பாத்திரத்தை மாற்ற வேண்டும். மறுபேச்சு கிடையாது.

அவர் இருக்கும் இடத்தில் சென்ட், வாசனை சோப்பு எதுவும் கூடாது. பாட்டில் கழுவும் அக்கா ஒருநாள் வாசனை எண்ணெய் தடவி வந்துவிட்டாள். "நாத்தம் பிடிச்ச கழுத! போய்த் தலைய கழுவிட்டு வா" என்று அத்தனை பேர் முன்னால் விரட்டினார். பாவம், மார்கழிக் குளிரில் ஈரத்தலையோடு நாள் முழுக்க நின்று பாட்டில் கழுவினாள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல். ஐந்தே நாளில் காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போனது. காப்பியும் வெந்நீரும் ஒன்றாகிவிட்டன. மனிதர் வெலவெலத்துப் போனார். ஐம்பத்தாறு வயதில் மூக்கு வேலை செய்யாத மூக்குக்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்? முதலாளி வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பிதான். ஆனால் வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவானே தவிர, உதவாதவர்களை ஒருநாள் வைத்திருக்க மாட்டான். அதனால் வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கையைத் தேய்த்து, கண்ணை மூடி, "வெட்டு" என்றார். நாலு மாதம் வண்டி ஓடியது.

ஒருநாள் கல்யாண வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்த பாட்டில் அக்காவுக்கு, மூக்குக்காரர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மேலெல்லாம் சென்ட் என்பது உறைத்தது. செத்தோம் என்று நினைத்தாள். அவரோ, "சீக்கிரம் கழுவும்மா" என்று நகர்ந்துவிட்டார். மறுநாள் வேண்டுமென்றே அந்தப் பழைய வாசனை எண்ணெயைத் தலை நிறையத் தேய்த்து வந்தாள். அதற்கும் சத்தமில்லை. மூன்றாம் நாள் முதலாளி அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை ருசி பார்க்க ஆட்கள் வருவது வழக்கம். ஐஸ், டானிக் வாட்டர், சுருட்டிப் போட்ட எலுமிச்சைத் தோல் என்று எல்லார் கையிலும் கிளாஸ். முதலாளி மூக்குக்காரரை நடுவில் நிறுத்தி, அவருக்கு மட்டும் தனியாக ஊற்றினான்.

"புது ஜின், மாமா. என்னென்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். கைகொடுக்க இருபது வருடப் பழக்கம் இருந்தது.

"ஜூனிப்பர் கொஞ்சம் தூக்கல். பின்னாடியே ஆரஞ்சுத் தோல். கடைசில... லேசா மிளகு."

வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"எல்லாரும் கைதட்டுங்க," என்றான் முதலாளி. "இதுல ஒரு மண்ணும் போடல. வெறும் ஸ்பிரிட்டும் தண்ணியும்தான்!"

முதலில் சிரித்தது தட்டோடு வாசலில் நின்ற பாட்டில் அக்கா. பிறகு கூடமே சிரித்தது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எல்லாரும் போனதும் மூக்குக்காரர் ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் கிளம்புறேன்பா."

"எங்க கிளம்புறீங்க? வெட்டுக்கு வேற ஆள் சொல்லிட்டேன். நீங்க சனிக்கிழமை மட்டும் வாங்க, மாமா. இதே மாதிரி கண்ண மூடி, கையத் தேச்சு, மோந்து பாத்துச் சொல்லுங்க. ஜனங்க எப்படி ரசிச்சாங்க, பாத்தீங்கல்ல?"

மூக்குக்காரர் ஏப்ரனை எடுத்தார். நிதானமாக மடித்தார்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.